கையேட்டை யார் படிப்பார்கள்?

மாணவர்களே, பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு கருவி வாங்குகிறீர்கள். பெட்டியைத் திறக்கிறீர்கள். மேலே கருவி இருக்கிறது. அதன் அடியில் ஒரு புத்தகமும் இருக்கிறது. முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?

உண்மையைச் சொல்லுங்கள். கருவியைத்தானே? புத்தகம் பெட்டியிலேயே கிடக்கும். பெட்டி அலமாரிக்குப் போகும். பிறகு வீடு மாறும்போதுதான் அந்தப் புத்தகத்தை மறுபடி பார்ப்போம்!

அந்தப் புத்தகத்துக்குப் பயனர் கையேடு என்று பெயர். பயனர் என்றால் பயன்படுத்துபவர். கருவியைச் செய்தவர்கள், அதைப் பயன்படுத்தப் போகும் உங்களுக்காக எழுதிய புத்தகம் அது. அதை யாராவது படிக்கிறார்களா? படிக்காவிட்டால் என்ன ஆகும்? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு எடுத்துக்காட்டாக உங்களில் பலர் பள்ளிக்குக் கொண்டுபோகும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம்.

வரைபடக் கணிப்பான்

சாதாரண கால்குலேட்டர் கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். கிராஃபிங் கால்குலேட்டர் இன்னும் ஒரு படி மேலே போகும். ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் அதைக் கோடாகவோ வளைவாகவோ வரைந்து காட்டும். தமிழில் இதை வரைபடக் கணிப்பான் என்று சொல்லலாம்.

1985-ல் கேசியோ நிறுவனம் எஃப்எக்ஸ்-7000ஜி என்ற கணிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் கிடைத்த முதல் வரைபடக் கணிப்பான் அதுதான். நாம் எழுதும் நிரல்களை வைத்துக்கொள்ள அதில் இருந்த இடம் வெறும் 422 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் சேமிக்க முடியாது! 1990-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-81 வந்தது. அமெரிக்காவில் 1995 முதல் ஏபி கால்குலஸ் தேர்வின் ஒரு பகுதிக்கு வரைபடக் கணிப்பான் கட்டாயம் ஆனது. 2004-ல் டிஐ-84 பிளஸ் வந்தது. இன்றும் பல அமெரிக்க வகுப்பறைகளில் அந்தக் குடும்பத்துக் கருவிகளைப் பார்க்கலாம்.

இந்தக் கருவிகளின் கையேடுகள் சில நூறு பக்கங்கள் இருக்கும். முன்பெல்லாம் தடித்த புத்தகமாகப் பெட்டிக்குள்ளேயே வந்தது. இப்போது பெரும்பாலும் ஒரு மெல்லிய தாள்தான் வருகிறது. முழுக் கையேட்டை இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

அப்பா படித்த புத்தகம்

நானும் உங்களைப் போல வெளிநாட்டில்தான் படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு வரைபடக் கணிப்பான் வேண்டியிருந்தது. விலை அதிகம். அப்பா ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை செய்தார். இரண்டு சனிக்கிழமை கூடுதலாக வேலைக்குப் போய் எனக்கு அதை வாங்கித் தந்தார்.

நான் கணிப்பானை எடுத்துக்கொண்டேன். அப்பா கையேட்டை எடுத்துக்கொண்டார்.

தினமும் சாப்பிட்ட பிறகு, சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைப் படிப்பார். கையில் பென்சில். பக்கத்தில் ஆங்கில அகராதி. எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"இதையெல்லாம் யாருப்பா படிப்பாங்க?" என்று கேட்டேன்.

"மெஷின் பக்கத்துல போறதுக்கு முன்னாடி புக்கைப் படிக்கணும்மா. இல்லேன்னா விரல் போயிடும்" என்றார்.

"கால்குலேட்டர் விரலை வெட்டாதுப்பா!"

அப்பாவும் சிரித்தார். ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. ஒரு நாள் தலையை நிமிர்த்தி, "ரேடியன்னா என்னம்மா? புதுசா வாங்கும்போது மெஷின் அதுலதான் இருக்குமாம்" என்று கேட்டார்.

"அதெல்லாம் பெரிய கிளாஸ்லதான்பா வரும். இப்பத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

சில வாரம் கழித்து அறிவியல் தேர்வு வந்தது. தேர்வுக்கு முன் ஆசிரியர் எல்லாருடைய கணிப்பானையும் வாங்கி, அதன் நினைவகத்தை அழித்தார். உள்ளே யாரும் விடைகளை எழுதி வைத்திருக்கக் கூடாது இல்லையா? அதனால் இது வழக்கம். கருவிகளைத் திருப்பிக் கொடுத்ததும் என் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி எதையோ மாற்றினார்கள். என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. தேர்வு தொடங்கிவிட்டது.

முதல் கேள்வி ஒரு சாய்தளம் பற்றியது. லாரியில் பெட்டிகளை ஏற்றுவதற்குப் பலகையைச் சாய்த்து வைப்பார்களே, அதுதான் சாய்தளம். பலகையின் நீளம் 4 மீட்டர். தரையோடு அது செய்யும் கோணம் 30 டிகிரி. பலகையின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கும்?

இதற்கு 4-ஐ சைன் 30-ஆல் பெருக்க வேண்டும். சைன் 30 டிகிரி என்பது 0.5. ஆகவே விடை 2 மீட்டர். என் கணிப்பான் காட்டிய விடை என்ன தெரியுமா? மைனஸ் 3.95!

மைனஸ் என்றால் மேல்முனை தரைக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். அது எப்படி முடியும்? எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் குறியை மட்டும் விட்டுவிட்டு 3.95 மீட்டர் என்று எழுதினேன். மற்ற கோணக் கணக்குகளையும் அதே போலத்தான் செய்தேன்.

தாள் திரும்பி வந்தபோது ஐம்பதுக்குப் பதினெட்டு. முதல் விடைக்குப் பக்கத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இது சாய்தளமா, சுவரா?"

யோசித்துப் பாருங்கள். 4 மீட்டர் பலகையின் முனை 3.95 மீட்டர் உயரத்தில் இருந்தால், அது கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. சுவர்தான்!

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. கையேட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்தார். அங்கே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். புதிய கருவியும், நினைவகம் அழிக்கப்பட்ட கருவியும் ரேடியன் முறையில் இருக்கும் என்பதுதான் அந்த வரி.

"எனக்கு ரேடியன்னா என்னன்னு தெரியாதும்மா. ஆனா மெஷின் ரெண்டு விதமா வேலை செய்யும்னு புரிஞ்சுது. எதுல இருக்குன்னு பாத்துட்டுத்தான் தொடணும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை. அன்று சமையலறையில் அவர் கேட்டது சரியான கேள்வி. நான்தான் பதில் சொல்லாமல் போனேன்.

ரேடியன் என்ன செய்தது?

கோணத்தை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று டிகிரி. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. இது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று ரேடியன். ஒரு வட்டம் வரையுங்கள். அதன் ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டுங்கள். அந்த நூலை வட்டத்தின் விளிம்பில் ஒட்டுங்கள். நூலின் இரண்டு முனைகளையும் வட்டத்தின் மையத்தோடு கோடு போட்டு இணையுங்கள். மையத்தில் கிடைக்கும் கோணம்தான் ஒரு ரேடியன். அது ஏறக்குறைய 57.3 டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 6.28 ரேடியன்.

நான் 30 டிகிரி என்று நினைத்தேன். கணிப்பான் 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. 30 ரேடியன் என்றால் வட்டத்தை நான்கு முறை முழுதாகச் சுற்றி, அதன் பிறகு இன்னும் முக்கால் சுற்றுக்கும் சற்று அதிகம். அந்த இடத்தில் கோடு கிட்டத்தட்ட நேராகக் கீழே பார்க்கும். அதனால்தான் சைன் மதிப்பு மைனஸ் 0.988 ஆனது. அதை 4-ஆல் பெருக்கினால் மைனஸ் 3.95.

கவனித்தீர்களா? கணிப்பான் தப்பே செய்யவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத்தான் தெரியவில்லை. அந்த மைனஸ் குறி, ஏதோ சரியில்லை என்று என்னை எச்சரித்தது. அதை எழுதாமல் விட்டதும் நான்தான்.

ஏன் படிப்பதில்லை?

கையேடு படிக்காதது நான் மட்டும்தானா? இல்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் மக்களிடம் இதைப் பற்றிக் கேட்டு, 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் கையேட்டைப் படிப்பதில்லை. தாங்கள் வாங்கிய பொருளின் எல்லா வசதிகளையும் அவர்கள் பயன்படுத்துவதும் இல்லை.

இது சோம்பல் மட்டும்தானா? ஐபிஎம் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஜான் கேரல், மேரி பெத் ராசன் என்ற இருவர் 1987-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். மக்கள் ஒரு வேலையை முடிக்கத்தான் கருவியைத் தொடுகிறார்கள். கருவியைக் கற்றுக்கொள்வது அவர்களுடைய நோக்கம் இல்லை. அதனால் உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் கொஞ்ச நேரம் கற்றுக்கொண்டால் பிறகு நிறைய நேரம் மிச்சமாகும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தைச் செலவிட மனம் வருவதில்லை.

இதில் எழுதுபவர்களின் பங்கும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் திணித்தால் யாருக்குப் படிக்கத் தோன்றும்? அதனால் கேரல் வேறு மாதிரியான ஒரு கையேட்டைச் செய்து பார்த்தார். அது சிறியது. தொடக்கத்திலேயே உண்மையான ஒரு வேலையைச் செய்யச் சொல்லும். தப்பு நடந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்லும். அதைப் பயன்படுத்தியவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

நான் இப்போது மென்பொருள் எழுதும் வேலை செய்கிறேன். நான் எழுதும் கையேடுகளையும் பலர் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் பதிலையே என்னிடம் வந்து கேட்பார்கள். எனக்குக் கோபம் வராது. ஐம்பதுக்குப் பதினெட்டு வாங்கியவளுக்கு எப்படிக் கோபம் வரும்?

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் டிஐ-84 போன்ற ஒரு கணிப்பான் இருந்தால் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். இல்லையென்றால் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டு வாங்குங்கள்.

1. காணாமல் போன வளைவு. ஒய் = எக்ஸ்² + 20 என்ற சமன்பாட்டைக் கொடுத்து, வழக்கமான சாளரத்தில் வரையச் சொல்லுங்கள். திரையில் இரண்டு அச்சுகள் மட்டும் தெரியும். வளைவைக் காணோம்! கருவி கெட்டுப் போய்விட்டதா? இல்லை. வழக்கமான சாளரம் மைனஸ் 10 முதல் 10 வரைதான் காட்டும். இந்த வளைவின் மிகத் தாழ்ந்த இடமே 20-ல் இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே பறக்கும் பறவை, ஜன்னல் வழியாகத் தெரியுமா? சாளரத்தின் அளவை மாற்றினால் வளைவு வந்துவிடும்.

2. நசுங்கிய வட்டம். அதே சாளரத்தில் ஒரு வட்டத்தை வரையுங்கள். அது அகலமான முட்டை போலத் தெரியும். ஏன்? டிஐ-84 பிளஸ் திரையில் குறுக்கே 96 புள்ளிகள், மேலிருந்து கீழே 64 புள்ளிகள். இரண்டு பக்கமும் மைனஸ் 10 முதல் 10 வரை என்று பிரித்தால், குறுக்கே ஒவ்வொரு அலகுக்கும் அதிகப் புள்ளிகள் கிடைக்கும். அதனால் வட்டம் பக்கவாட்டில் நீண்டுவிடும். இதைச் சரிசெய்ய ஒரு கட்டளை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கையேட்டில் தேடிக் கண்டுபிடியுங்கள்.

3. மைனஸ் மூன்றின் வர்க்கம். -3² என்று தட்டினால் -9 என்று வரும். (-3)² என்று தட்டினால் 9 வரும். முதலில் வர்க்கம், பிறகுதான் மைனஸ் என்பது கருவியின் விதி. அடைப்புக்குறி போட்டால்தான் மைனஸும் வர்க்கத்துக்குள் சேரும். எந்தச் செயலை முதலில் செய்யும், எதைப் பிறகு செய்யும் என்ற வரிசையும் கையேட்டில் இருக்கிறது.

கையேட்டை எப்படிப் படிப்பது?

கையேட்டைக் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டாம். அப்பாவைப் போல நமக்கு யாருக்கும் பொறுமை இருக்காது! இந்த நான்கை மட்டும் செய்யுங்கள்.

முதலில் பொருளடக்கத்தை ஒரு முறை பாருங்கள். என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது, தொடக்கப் பாடத்தைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

மூன்றாவது, புதிய கருவி எந்த நிலையில் தொடங்கும் என்று பாருங்கள். டிகிரியா, ரேடியனா? டிஐ-84 ரேடியனில் தொடங்கும். இணையத்தில் இருக்கும் டெஸ்மாஸ் கணிப்பானும் அப்படித்தான். தேர்வுக்கு முன் சைன் 30 என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி. வேறு ஏதாவது வந்தால் உடனே மாற்றுங்கள்.

நான்காவது, பிழைச் செய்திகளின் பட்டியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் புரியாத ஒரு செய்தி வரும்போது, அதற்கான காரணம் அங்கே இருக்கும்.

விடை வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அது நடக்கக்கூடிய விடையா என்று யோசியுங்கள். இதைக் கருவி உங்களுக்காகச் செய்யாது.

அந்தக் கணிப்பான் இப்போது வேலை செய்வதில்லை. ஆனால் கையேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பா போட்ட பென்சில் கோடுகள் கொஞ்சம் மங்கிவிட்டன. சில பக்கங்களின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதியிருக்கிறார். 'ரேடியன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் பொருள் இல்லை. "மகளைக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

மாணவர்களே, கடைசியாக ஒன்று. இந்தப் பாடத்தில் தெரியாத சொல் வந்தபோது என்ன செய்தீர்கள்? கீழே இருக்கும் அருஞ்சொற்களைப் பார்த்தீர்களா? இல்லை, அப்படியே தாண்டிப் போய்விட்டீர்களா?

அருஞ்சொற்கள்

கையேடு – ஒன்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் புத்தகம்
கணிப்பான் – கணக்குப் போடும் கருவி, கால்குலேட்டர்
நிரல் – கணினிக்கு நாம் கொடுக்கும் கட்டளைகளின் வரிசை
நினைவகம் – கருவி தகவல்களைச் சேமித்து வைக்கும் இடம்
சாய்தளம் – ஒரு பக்கம் உயர்ந்தும் மறு பக்கம் தாழ்ந்தும் இருக்கும் பரப்பு
ஆரம் – வட்டத்தின் மையத்தில் இருந்து விளிம்பு வரை உள்ள தூரம்
சாளரம் – ஜன்னல். இந்தப் பாடத்தில், வரைபடத்தில் திரை காட்டும் பகுதி
வர்க்கம் – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது
பொருளடக்கம் – புத்தகத்தில் உள்ள பாடங்களின் பட்டியல்

பயிற்சி

அ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. முதல் வரைபடக் கணிப்பான் எந்த ஆண்டில் விற்பனைக்கு வந்தது?
2. அப்பா கையேட்டைப் படித்ததற்கு என்ன காரணம் சொன்னார்?
3. ஆசிரியர் "இது சாய்தளமா, சுவரா?" என்று ஏன் எழுதினார்?
4. மக்கள் கையேட்டைப் படிக்காததற்கு ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணம் என்ன?

ஆ. பேச்சுத் தமிழில் உள்ளதை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுக.
1. "இதையெல்லாம் யாருப்பா படிப்பாங்க?"
2. "எதுல இருக்குன்னு பாத்துட்டுத்தான் தொடணும்."

இ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டில் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவியின் கையேட்டைத் தேடி எடுங்கள். உங்களுக்கு இதுவரை தெரியாத ஒரு விஷயத்தை அதில் கண்டுபிடியுங்கள். அதை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் போய்விடாதீர்கள்!